படத்துல இருக்கிற மாதிரி தெரியலையே, சார்!

தொலைநோக்கி செய்து விற்கிறவனுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் சில்லறைப் புகார்கள். ஸ்டாண்டு ஆடுகிறது, திருகின் மரை தேய்ந்துவிட்டது, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. எல்லாம் அரை மணி நேர வேலை. தீராத புகார் ஒன்றே ஒன்று. வாங்கிப்போனவர் சில நாளில் போன் செய்வார். குரலில் கோபம் இருக்காது. ஏமாந்துவிட்டோமோ என்கிற சங்கடம்தான் இருக்கும். "சார், நிலா சூப்பரா தெரியுது. சனி வளையம்கூடப் பாத்துட்டோம். ஆனா கேலக்ஸி மட்டும் படத்துல இருக்கிற மாதிரி தெரியலையே?"

தாம்பரம் பக்கம் சேலையூரில் வீட்டு மாடியறையைப் பட்டறையாக்கிக் கண்ணாடி தேய்க்க ஆரம்பித்த நாள் முதல் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் விளங்காது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டுவிடுவேன். இந்தத் தொழிலில் பாதி கண்ணாடி தேய்ப்பது, மீதி கண்ணைப் பழக்குவது. இரண்டாவதற்கு யாரும் காசு தருவதில்லை.

தொலைநோக்கி வரும் அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் சுருள் கேலக்ஸியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் பொன்னிறமாக ஒரு புடைப்பு: வயதான விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் இடம். அதிலிருந்து கிளம்பிச் சுற்றி வளையும் நீலக் கைகள்: அண்மையில் பிறந்த சூடான விண்மீன்கள். கைகளின் உள்ளோரத்தில் கறுப்புக் கோடுகளாகத் தூசி. அந்தத் தூசியை ஒட்டி இளஞ்சிவப்புப் புள்ளிகள். அங்கெல்லாம் ஹைட்ரஜன் வாயு ஒளிர்கிறது, விண்மீன்கள் பிறக்கின்றன. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்துக்காகக் கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேமித்திருக்கிறது. நம் கண்ணால் ஒரு நொடிகூடச் சேமிக்க முடியாது. போதாததற்கு, மங்கிய ஒளியில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே ஐபீஸில் எந்தக் கேலக்ஸியும் சாம்பல் நிறம்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வியாபாரம் பாதி படுத்துவிடும். நான் சொல்லித்தான் விற்கிறேன். அதனால்தான் இன்னும் மாடியறையிலேயே இருக்கிறேனோ என்னவோ.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க வருகிறவர்கள் அவை கயிறு மாதிரி கேலக்ஸியோடு கட்டப்பட்டுச் சுழல்வதாக நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் சில சுற்றுகளிலேயே இறுகிச் சுருண்டு காணாமல் போயிருக்கும். 1964இல் லின், ஷூ என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் அதே இடத்தில் இருக்கிறது; அதற்குள் நுழையும் வண்டிகளும் வெளியேறும் வண்டிகளும் வேறு வேறு. சுருள்கையும் அப்படி ஒரு நெரிசல் அலை. வாயு அதற்குள் நுழையும்போது நசுங்குகிறது, விண்மீன்கள் பிறக்கின்றன. பெரிய நீல விண்மீன்கள் சீக்கிரம் எரிந்து முடிந்துவிடுவதால் கையை விட்டு அதிக தூரம் போவதற்குள் அவற்றின் ஆயுள் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கை மட்டும் நீலம். எல்லாக் கேலக்ஸிக்கும் இந்த விளக்கம் பொருந்துவதில்லை. ஆனால் இரண்டே கைகளோடு தெளிவாக வளையும் கேலக்ஸிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சரி, மாடிக்கு வருவோம். வந்தவுடன் யாரையும் ஐபீஸ் பக்கம் விடமாட்டேன். முதலில் போனைப் பையில் போடச் சொல்வேன். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். வாட்ஸ்அப்பை ஒருமுறை திறந்தால் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. பிறகு ஓரக்கண் பாடம். மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றே விலகிப் பார்த்தால் தெரியும். இருட்டில் பார்க்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கின்றன. குழாயை விரலால் லேசாகத் தட்டச் சொல்வதும் உண்டு; அசையும் மங்கலைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கடைசியாக, கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுப்பேன். வரைந்தால்தான் பார்ப்பார்கள். வரையாதவர்கள் அரை நிமிடத்தில் "ம்ம், தெரியுது" என்று அடுத்தவருக்கு இடம் விட்டுவிடுவார்கள்.

இந்த வித்தை சிலருக்குத் தொழிலோடே வந்துவிடுகிறது. ரயில்வே காலனியிலிருந்து மகளோடு வந்த ஒரு லோகோ பைலட், ஐபீஸில் கண் வைத்த கொஞ்ச நேரத்தில், "ரெண்டு இருக்கு. ஒண்ணு பெருசு, பக்கத்துல ஒண்ணு சின்னது. நடுவுல லேசா இழுத்தாப்ல இருக்கு" என்றார். எத்தனையோ பேருக்குக் கடைசிவரை தெரியாத விஷயம் அது. ராத்திரி வண்டியில் தூரத்து சிக்னலைத் தேடித் தேடிப் பழகிய கண்.

அவர் பார்த்தது எம் 51 என்ற சுருள் கேலக்ஸி. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசிக்கு அருகில், மூன்றரை பாகை தள்ளி இருக்கிறது. மரீசிக்கு அடுத்தவர் வசிஷ்டர், அவரை ஒட்டி அருந்ததி. பட்டப்பகலில் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தி நம் எல்லோருக்கும் காட்டினார்களே, அதே அருந்ததிதான். ராத்திரியில் பார்த்தால் உண்மையாகவே தெரியும். எம் 51ஐ 1773இல் கண்டவர் பிரெஞ்சு வால்மீன் வேட்டைக்காரர் மெஸ்ஸியே. அதன் சுருளைக் கண்டவர் அயர்லாந்துப் பிரபு ராஸ், 1845இல். அவருடைய தொலைநோக்கியில் 72 அங்குல உலோகக் கண்ணாடி. கேலக்ஸிகளைப் படம் பிடிக்க வழியில்லாத காலம். ஐபீஸில் பார்த்ததைக் கையால் வரைந்தார். இன்றைய புகைப்படத்தை அந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கைகளும், ஒன்றின் நுனியில் தொங்கும் துணைக் கேலக்ஸியும் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு கேலக்ஸிக்குச் சுருள் வடிவம் உண்டு என்று மனிதனுக்குத் தெரியவந்தது கேமராவால் அல்ல, பழகிய கண்ணால்.

ஆனால் தாம்பரத்தில் எம் 51 பார்ப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. அது உச்சத்துக்கு வரும்போது நமக்கு நேர் வடக்கே, 56 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே என்ன இருக்கிறது? குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், அதற்கு அப்பால் மொத்தச் சென்னை. அத்தனை வெளிச்சத்தின் ஊடாகத்தான் அதைப் பார்க்க வேண்டும். 8 அங்குலத் தொலைநோக்கியில் இரண்டு மையங்களும் தெரியும், கைகள் தெரியாது. கைகளைப் பார்க்க அமாவாசைக்கு ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். அங்கே 12 அங்குலக் கண்ணாடியில், மையத்தைச் சுற்றி மங்கலாக ஓர் ஒளி வளைந்து போவது ஓரக்கண்ணுக்கு அகப்படும்.

ஆகவே என் பேச்சைக் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, குழாயைத் தெற்கே திருப்புங்கள் என்பதுதான். தெற்குப் புறநகர்க்காரருக்குத் தெற்கு வானம் ஒரு சொத்து. வண்டலூர் தாண்டி வெளிச்சம் குறைகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் முன்னைப்போல இல்லைதான், இருந்தாலும் வடக்குக்குத் தெற்கு தேவலாம். இன்னொரு வசதியும் இருக்கிறது. எம் 51 வடக்கே உச்சத்தில் நிற்கும் அதே நேரத்தில், ஏறக்குறைய அதே நடுக்கோட்டில் தெற்கே 47 பாகை உயரத்தில் எம் 83 என்ற இன்னொரு சுருள் கேலக்ஸி நிற்கிறது. வடக்கிலிருந்து தெற்காக விரலை இழுத்துக்கொண்டே வந்தால் அருந்ததி, தலைக்கு மேல் சற்றுத் தெற்கே சித்திரை நட்சத்திரம், பிறகு எம் 83, அதற்கும் கீழே சென்டாரஸ் ஏ என்ற கேலக்ஸி, ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து. ஒரே கோட்டில் இத்தனை. சித்திரை பிறக்கும் இரவில் நள்ளிரவுக்கும், கத்திரி வெயில் நடுவில் இரவு பத்து மணிக்கும் இந்தக் கோடு நம் தலைக்கு மேல் இருக்கும். வேறெந்தக் காலத்திலும் நான் இப்படி ஒரு வரிசையைக் கண்டதில்லை.

எம் 83ஐ நேர்முகமாகப் பார்க்கிறோம்; தட்டு நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. நடுவில் ஒளிரும் மையம், அதன் குறுக்கே ஒரு பட்டை, பட்டையின் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் கைகள். தூரம் சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு. எம் 51இன் தூரத்தில் ஏறக்குறையப் பாதி. 1752இல் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் இதைக் கண்டது ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து. ராஸ் பிரபுவின் அயர்லாந்தில் இது அடிவானத்துக்கு மேல் ஏழு பாகைகூடச் சரியாக எழும்பாது. உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி அவர் தோட்டத்தில் நின்றது; இந்தச் சுருள் நம் மொட்டைமாடிக்கு நேரே நிற்கிறது. சென்னைக்கு இந்த அனுகூலம் உண்டு என்பது பழைய சங்கதி. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் அதன் தலைவர் போக்சனின் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறு விண்மீனைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவே முடியாது. வானியலாளர் வைணு பாப்பு தம் ஆய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததிலும் தெற்கு வானத்துக்கு ஒரு பங்கு உண்டு. அங்கே 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பெங்களூருவில் தன் பட்டறையிலேயே தேய்த்தது. இது எங்கள் தொழில்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை.

கண்ணாடி தேய்ப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டு கண்ணாடி வட்டுகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும். மேல் வட்டைத் தள்ளி இழுத்து, கொஞ்சம் திருப்பி, வட்டுகளை வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றி ஓரடி நகர்ந்து, மறுபடி தள்ளி இழுக்க வேண்டும். மேல் வட்டு குழிகிறது, கீழ் வட்டு புடைக்கிறது. இயந்திரம் எதுவும் வேண்டாம், இயற்கையாகவே கோள வடிவம் வந்துவிடும். 8 அங்குலக் கண்ணாடிக்கு 48 அங்குலக் குவியத் தூரம் வேண்டுமென்றால் நடுவில் குழி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பொடி சன்னமாகச் சன்னமாகக் கண்ணாடி பட்டுப்போல் ஆகும். பிறகு பிட்ச் என்ற தார் மாதிரியான பிசினை உருக்கி ஊற்றி, சீரியம் ஆக்ஸைடு தடவி மெருகேற்ற வேண்டும்.

வினை இங்கேதான் ஆரம்பம். கோளத்தைப் பரவளையமாக்க வேண்டும். மேற்பரப்பில் அனுமதிக்கப்படும் பிழை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை வைத்த சூட்டிலேயே கண்ணாடி அதைவிட அதிகமாகப் புடைத்துவிடும். தாம்பரம் வெயிலில் பிட்ச் இளகி ஓடும். மே மாதத்தில் பகலில் பிட்ச் வேலை எடுப்பதே இல்லை. ரோஸின் கூட்டி இறுக்கலாம், ஆனால் கூடிவிட்டால் கீறல் விழும். விடியற்காலை நாலு மணிக்கு, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, ஒரு சிறு விளக்கும் சவர பிளேடும் வைத்து ஃபோக்கோ சோதனை. பிளேடு ஒளியை வெட்டும்போது கண்ணாடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். 1850களின் கடைசியில் ஃபோக்கோ சொல்லிக்கொடுத்த வித்தை. இன்றுவரை இதைவிட மலிவான, நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. மெருகு முழுசாக ஏறாத கண்ணாடியில் நிலா நன்றாகவே தெரியும். கேலக்ஸியில்தான் குட்டு வெளிப்படும்: நுண்குழிகளில் சிதறும் ஒளி வானத்தைச் சாம்பலாக்கிவிடும், சாம்பல் நிறக் கேலக்ஸி அதில் கரைந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டாலும் கண்ணாடியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. 8 அங்குலக் கண்ணாடி, நன்றாக விரிந்த கண் பாவையைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும், உண்மை. ஆனால் அந்த ஒளி பெரிதாக்கப்பட்ட படத்தின் மேல் பரவிவிடுகிறது. விண்மீன் போன்ற புள்ளிகள் பிரகாசமாகும். கேலக்ஸி போன்ற பரப்புகள் பெரிதாகுமே தவிர, பரப்பின் பிரகாசம் கூடாது. பின்னணி வானம் வெளுத்திருந்தால் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் பயன் கொஞ்சம்தான். "இன்னும் பெரிய சைஸ் வாங்கினா தெரியுமா சார்?" என்று கேட்கிறவரிடம், அந்தப் பணத்தில் ஜவ்வாது மலைக்குப் பஸ் டிக்கெட் வாங்குங்கள் என்று நான் சொல்வது கிண்டலுக்கு அல்ல.

வானம் இருண்டால் சேலையூரிலேயே என்ன தெரியும் என்பதை ஒருமுறை பார்த்தேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். கம்பங்கள் சாய்ந்து புறநகர் முழுக்க மின்சாரம் போயிற்று. பல தெருக்களில் நாள்கணக்கில் வரவில்லை. மரங்கள் விழுந்த தெருவில் தண்ணீர்க் குடத்தோடு அலைந்தபடியே நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் அக்கம்பக்கத்தார் அடிப்பார்கள், ஆனால் அதுதான் நடந்தது. வானம் தெளிந்தது. விளக்கே இல்லை. வாய்த்தது பௌர்ணமி! முழு நிலா காய்ந்தது. நிலா தாமதமாக எழத் தொடங்கிய பிறகு, இருட்டியதற்கும் நிலா வருவதற்கும் இடையில் சிறிது நேரம் கிடைத்தது. தலைக்கு மேல் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, தொலைநோக்கி இல்லாமல் வெறும் கண்ணுக்கே ஒரு நீள் மங்கலாகத் தெரிந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தூரம். எதிர் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கரண்டு எப்ப வரும்னு அதுல போட்டிருக்கா?" என்றார்.

மின்சாரம் வந்தது, ஆண்ட்ரோமெடா போயிற்று. பின்னர் தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. சோடியம் விளக்கின் ஒளி குறுகிய நிறப்பட்டையில் அடங்கும். ஐபீஸில் ஒரு வடிகட்டி மாட்டி ஓரளவு தடுக்கலாம். எல்.இ.டி. எல்லா நிறத்திலும் வீசுகிறது. அதைத் தடுத்தால் கேலக்ஸியின் ஒளியும் சேர்ந்து நின்றுவிடும். வடிகட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

2025 நவம்பரில் புது மாதிரியான கேள்வி வந்தது. மாடம்பாக்கத்திலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பையன், "அங்கிள், அலக்நந்தா காட்ட முடியுமா?" என்றான். புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து கண்டெடுத்த சுருள் கேலக்ஸி அது. ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி. பிரபஞ்சத்துக்கு அப்போது வயது 150 கோடி ஆண்டுதான். அந்த வயதில் கேலக்ஸிகள் கட்டியும் முட்டியுமாக, உருவம் பிடிபடாமல் இருந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். இதுவோ சுமார் 30,000 ஒளியாண்டு விட்டத் தட்டு, மையப் புடைப்பு, இருபுறமும் சமச்சீராக வளையும் இரண்டு கைகள், கைகளின் நீளத்துக்கும் மணி கோத்தது போல் விண்மீன் பிறக்கும் முடிச்சுகள் என்று முழுசாக நிற்கிறது. ஆண்டுக்கு அறுபது சூரியன் எடைக்கு விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. நம் பால்வீதியின் இன்றைய வேகத்தைப் போல் சுமார் இருபது மடங்கு. முன்னால் இருக்கும் ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் கொடுத்ததால்தான் இவ்வளவு விவரம் தெரிந்தது.

பையனிடம் முடியாது என்றுதான் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். பிரபஞ்சம் விரிந்ததால் அந்த ஒளியின் அலைநீளம் வரும் வழியில் ஐந்து மடங்கு நீண்டு அகச்சிவப்பாகிவிட்டது. எவ்வளவு பெரிய கண்ணாடி தேய்த்தாலும் மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் திசையைக் காட்டலாம். ஏபெல் 2744 இருப்பது ஸ்கல்ப்டர் மண்டலத்தில். அதுவும் தெற்குதான், எம் 83 நிற்கும் அதே உயரம்தான். அங்கிருந்து கைநீட்டி ஒரு முஷ்டி அளவு தள்ளி என்.ஜி.சி. 253 இருக்கிறது, 1783இல் கரோலின் ஹெர்ஷல் கண்ட சுருள் கேலக்ஸி, நமக்குப் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதால் நீண்ட ஒளிக்கீற்றாகத் தெரியும். பருவமழை மேகம் கொஞ்சம் விலகிய நேரத்தில் அதைக் காட்டினேன். அவன் வரைந்தான். கோடு நீளமாக வந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தது. சரியாகத்தான் பார்த்திருந்தான். அலக்நந்தாவின் இரட்டைக் கைக்கு உறவுக்காரனைப் பார்க்க வேண்டுமென்றால் கோடை விடுமுறையில் எம் 51க்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தொலைநோக்கி வாங்க அவசரப்படாதீர்கள்; என்னிடம்கூட வேண்டாம். முதலில் ஒரு 10x50 பைனாகுலர் போதும். மே நடுவில், நிலா இல்லாத இரவில், பத்து மணிக்கு அச்சிறுபாக்கம் பக்கம் எங்காவது இருட்டான இடத்தில் நில்லுங்கள். சித்திரை நட்சத்திரத்திலிருந்து தெற்கே இரண்டு முஷ்டி, கொஞ்சம் கிழக்கே. சாம்பலாக ஒரு சிறு வட்டம் தெரிந்தால் அதுதான் எம் 83. புறநகரில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: மொட்டைமாடியில் மேல்நோக்கி எரியும் ஃபோகஸ் விளக்கைக் கீழே திருப்புங்கள், உங்கள் தெருவிளக்குக்கு மேல்மூடி வைக்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நாலு தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் நல்லது.